புதுப்பிப்பு: யாஷிகா எலக்ட்ரோ 35இல் இருட்டாக வந்த படங்கள்

தாத்தாவின் பழைய பிலிம் கேமராவில் (யாஷிகா எலக்ட்ரோ 35, ஜிஎஸ்என் மாடல்) பேட்டரி போடாமலே ஒரு ரோல் எடுத்து, வீட்டுக்குள் எடுத்ததெல்லாம் இருட்டாக வந்தது ஏன் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பேட்டரி இல்லையென்றால் ஷட்டர் எப்போதும் 1/500 நொடியில்தான் இயங்கும் என்றவர் சொன்னதுதான் காரணம்; அவ்வளவு குறைந்த நேரத்தில் வீட்டுக்குள் போதுமான வெளிச்சம் பிலிமில் விழாது. பழைய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. அதைவிடச் சிறிய 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரி வாங்கி, தாளைச் சுற்றி, மிச்ச இடத்துக்கு ஸ்பிரிங் வைக்கும் யோசனை பலித்தது. பேனா ஸ்பிரிங் வளைந்துவிட்டது. டார்ச் லைட் ஸ்பிரிங்தான் சரியாக உட்கார்ந்தது. அடுத்த ரோலில் சமையலறைப் படங்கள்கூடத் தெளிவு.

எதிர்பாராதது ஒன்று: 400 ஐஎஸ்ஓ பிலிமில் (ஐஎஸ்ஓ என்பது பிலிமின் ஒளி உணர்திறன்), நடுப்பகல் வெயிலில், வெளிச்சம் அதிகம் என்று எச்சரிக்கும் சிவப்பு அம்பு எரிந்துகொண்டே இருந்தது. பழுதோ என்று பயந்தேன். லென்ஸ் துவாரத்தை எஃப்/16 அளவுக்குச் சிறிதாக்கியதும் அணைந்தது. அப்புறம், வெளிச்சம் உள்ளே புகாமல் தடுக்கும் பின்மூடிப் பஞ்சு தார் மாதிரி உருகிக் கிடந்தது, அதையும் மாற்றியாயிற்று.