கயாக் நங்கூரம்: கயிற்றை எந்த இடத்தில் கட்டுவது?

மனோரா கரை எழுதியது:

வணக்கம். பட்டுக்கோட்டையில் வேதியியல் ஆசிரியராக இருக்கிறேன். ஞாயிறு விடியலில் மனோரா கோபுரம் அருகே கடலில் கயாக்கை (துடுப்பால் ஓட்டும் சிறு படகு) இறக்கி, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தூண்டில் போடுவது வழக்கம். ஆழம் ஒன்றரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை இருக்கும். கயாக் 12 அடி நீளம், மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை, பிளாஸ்டிக் வார்ப்பு.

நங்கூரத்தை நானே செய்தேன். நான்கு லிட்டர் பெயிண்ட் வாளியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கான்கிரீட் ஊற்றி, நடுவில் ஒரு கம்பி வளையம் வைத்தேன். எடை ஆறரை கிலோ. 8 மி.மீ. நைலான் கயிறு, பத்து மீட்டர். மறுமுனையை என் வலது இடுப்புக்கு நேராக இருக்கும் பக்கவாட்டுக் கைப்பிடியில் கட்டினேன். கைக்கு எட்டும் இடம் அதுதான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

சேற்றுத் தரையில் அது இழுபடும். எழுந்து பார்த்தால் நூறு மீட்டர் தள்ளி இருப்பேன். அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பங்குனி கடைசி ஞாயிறு நடந்ததை அப்படி விட முடியவில்லை. பத்தரை மணிக்குக் கொண்டல் காற்று எழுந்தது. வாளி அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. காற்றுக்கு முகம் காட்டி நிற்க வேண்டிய கயாக் விலாவைக் காட்டி நின்றது. ஒவ்வோர் அலைக்கும் வலது விளிம்பு கீழே இழுபட்டு, தண்ணீர் என் மடிமேல் ஏறியது. இடது பக்கம் சாய்ந்துகொண்டு ஒரு கையால் முடிச்சைத் தேடினேன். நனைந்த நைலான் இறுகிக் கல்லாகியிருந்தது. கத்தி பின்னால் மூடிய பெட்டிக்குள் இருந்தது. திரும்பினால் கவிழ்ந்துவிடும். நான்கு நிமிடமா, பத்து நிமிடமா தெரியாது. கடைசியில் கைப்பிடியே இரண்டு திருகாணிகளோடு பிடுங்கிக்கொண்டு போனது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது கயாக்கின் பக்கத்தில் இரண்டு துளைகள் இருக்கின்றன. வாளி கடலுக்கு அடியில் கிடக்கிறது. வீட்டில் மனைவி இன்னும் முழுதாகப் பேசவில்லை. நங்கூரம் இல்லாமல் அங்கே மீன் பிடிக்க முடியாது, காற்று அடித்துக்கொண்டு போய்விடும். கயிற்றை எங்கே கட்டுவது? எவ்வளவு எடை வேண்டும்? ஆபத்து வந்தால் ஒரே கையால் எப்படி விடுவிப்பது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

கப்பியும் கயிறும் எழுதியது:

தம்பி, கரை சேர்ந்தீர்களே, அதுவே பெரிது. தூத்துக்குடியில் படகுப் பட்டறையில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பக்கவாட்டில் நங்கூரம் கட்டிய சிறு படகுகள் கவிழ்ந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். கயிறு அணியத்திலிருந்தோ (படகின் முன்முனை) பின்முனையிலிருந்தோதான் இறங்க வேண்டும். நடுவிலிருந்து ஒருபோதும் இறங்கக் கூடாது.

ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து உங்கள் கை அணியத்துக்கு எட்டாது. அதற்குத்தான் ஓடு கயிறு. அணியத்தின் தூக்குப்பிடியில் ஒரு சிறு கப்பி, பின்முனைத் தூக்குப்பிடியில் ஒரு கப்பி. இரண்டையும் நேராகக் கட்டாமல் ஒரு சாண் எலாஸ்டிக் கயிற்றில் தொங்கவிடுங்கள், அப்போதுதான் தளராமல் விறைப்பாக நிற்கும். 5 மி.மீ. பின்னல் கயிற்றை இரண்டு கப்பிகளிலும் ஓட்டி, இரு முனைகளையும் ஒரு துருப்பிடிக்காத எஃகு வளையத்தில் முடிந்துவிடுங்கள். உங்கள் கயாக்குக்கு எட்டு மீட்டர் கயிறு போதும். நங்கூரக் கயிறு அந்த வளையத்துக்குள் நுழைந்து உங்கள் கைக்கு வரும். நங்கூரத்தைப் போட்டபின் ஓடு கயிற்றை இழுத்தால் வளையம் அணியத்துக்குப் போய்விடும், கயாக்கும் காற்றைப் பார்த்துத் திரும்பிவிடும். இதற்குப் புதிதாக ஒரு துளைகூட வேண்டாம்.

கைப்பிடி ஏன் பிடுங்கியது என்பதையும் சொல்கிறேன். இந்தப் பிளாஸ்டிக் மெழுகு மாதிரி. திருகாணி அதில் புரியை மட்டும்தான் பிடித்திருக்கும், இழுத்தால் வந்துவிடும். இழுவை தாங்க வேண்டிய எதற்கும் ஊடுருவும் போல்ட் போட்டு, உள்பக்கம் அகலமான தகடு வைத்து, தளராத நட் இறுக்க வேண்டும். பழைய துளைகளுக்கும் அதையே செய்யுங்கள், இரு புறமும் ரப்பர் வாஷரோடு. பசையை நம்ப வேண்டாம், இந்தப் பிளாஸ்டிக்கில் எதுவும் உறுதியாக ஒட்டுவதில்லை.

எடைக்கு வருவோம். நீங்கள் வேதியியல் ஆசிரியர், கணக்கு உடனே பிடிபடும். கான்கிரீட்டின் அடர்த்தி சுமார் 2.4. கடல்நீரில் அது தன் எடையில் 40 விழுக்காட்டுக்கு மேல் இழக்கிறது. உங்கள் ஆறரை கிலோ அடியில் மூன்றே முக்கால் கிலோகூட இல்லை. இரும்பு 13 விழுக்காடுதான் இழக்கும். அதைவிட முக்கியம், நங்கூரம் எடையால் மட்டும் பிடிப்பதில்லை. கயிறு படுக்கையாக இழுத்தால்தான் கொழு, அதாவது நங்கூரத்தின் கொக்கி நாக்கு, தரைக்குள் இறங்கும். மேல்நோக்கி இழுத்தால் கிளம்பிவிடும். மூன்று மீட்டர் ஆழத்துக்குப் பத்து மீட்டர் கயிறு மிகக் குறைவு. ஆழத்தைப் போல் ஏழு மடங்கு விடுங்கள், இருபத்தொரு மீட்டர். அமைதியான நாளில் ஐந்து மடங்கு. நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையே 6 மி.மீ. சங்கிலி ஒன்றரை மீட்டர் போடுங்கள். அது ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரும், ஆனால் நங்கூரத்தின் தண்டைக் கீழே அழுத்திப் படுக்க வைக்கும். அந்தச் சங்கிலி இருந்தால் ஒன்றரை கிலோ மடக்கு நங்கூரம் போதும், நான்கு கொழுக்கள் விரியும் வகை.

சேதுபாவாசத்திரத்தான் எழுதியது:

சார், எங்கள் கரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதனால் பேசுகிறேன். பெரியவர் சொன்ன ஓடு கயிறு நல்ல யோசனை. கொழு நங்கூரத்தைத்தான் எல்லா இடத்திலும் போடக் கூடாது என்பேன்.

மனோராவிலிருந்து தெற்கே நீங்கள் நிற்கும் தரை முழுக்கத் தாழை என்று நாங்கள் சொல்லும் கடற்புல். நாடாவைப் போல் நீண்டு ஆடும் வாட்டாழையும் உண்டு. கொழு அதைப் பிடிக்காது, வேரோடு வாரிக்கொண்டு வரும். பிடித்தாலும் தூக்கும்போது கூடை நிறையப் புல்லும் சேறும் ஏறும். ஓரா மீன் மேய்வது அந்தப் புல்லில்தான், சிறு இறால் ஒளிவதும் அதில்தான். ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, அதுதான் சோறு. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையுள்ள 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022இல் கடற்பசு பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது இதற்காகத்தான். என் தாத்தா காலத்தில் ஆவுளியாவைக் கறிக்குப் பிடித்தார்கள். இப்போது வலையில் சிக்கினால் வலையை அறுத்து விடுகிறார்கள். நம் பங்குக்குப் புல்லையாவது கிழிக்காமல் இருக்கலாம்.

ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு நங்கூரமே வேண்டாம். என் அப்பா வத்தையை (சிறு படகு) கம்பு ஊன்றித்தான் நிறுத்துவார். மூன்று மீட்டர் நீளமுள்ள முற்றிய மூங்கில், அடிமுனை கூராகச் சீவியது. சேற்றில் முழங்கை ஆழம் இறக்கி, ஒன்றரை மீட்டர் கயிற்றால் ஓடு கயிற்றின் வளையத்தோடு கட்டினால் போதும். பிடுங்கும்போது நேராக மேலே தூக்கினால் விரல் அகலத் துளை மட்டும் மிஞ்சும். ஒரு வேலையும் மிச்சம், நங்கூரம் விழும் சத்தத்தில் மீன் கலையாது.

ஆழமான இடத்தில் நங்கூரம் தேவை என்றால் வெள்ளைத் தரையைத் தேடுங்கள். வெயில் ஏறியபின் மேலிருந்து பார்த்தால் கருப்புத் திட்டுக்கு நடுவே மணல் வெளுப்பாகத் தெரியும். அங்கே மட்டும் போடுங்கள்.

உங்கள் வாளி எதில் மாட்டியிருக்கும் என்றால், பழைய நண்டு வலையாக இருக்கலாம். 2018இல் கஜா புயலில் போன வலையும் கயிறும் இன்னும் அடியில் கிடக்கின்றன, எங்கள் நங்கூரங்களும் மாட்டும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். சங்கிலியை நங்கூரத்தின் தலை வளையத்தில் கட்டாமல், கொழுக்கள் சேரும் அடிப்பக்கத்தில் கட்டுங்கள். பிறகு தண்டோடு கொண்டுவந்து தலை வளையத்தில் மெல்லிய சணலால் ஒரு கட்டு. சாதாரண இழுவையைச் சணல் தாங்கும். மாட்டிக்கொண்டால் பலமாக இழுங்கள், சணல் அறுந்து நங்கூரம் தலைகீழாகப் புரண்டு வந்துவிடும். இழுக்கும்போதும் ஓடு கயிற்றின் வளையம் கயாக்கின் முனையில்தான் இருக்க வேண்டும் சார், பக்கத்திலிருந்து இழுக்காதீர்கள்.

பாசிர் ரிஸ் துடுப்பு எழுதியது:

நண்பரே, சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே உபின் தீவுப் பக்கம் கடல் வற்றும், ஏறும் நேரத்தில் நீரோட்டம் கடுமையாக இருக்கும். அதனால் நங்கூரத்தைப் பிடிக்க வைப்பதைவிட விடுவிப்பதைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் யோசிப்போம். ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் கயிற்றின் இழுவை நான்கு மடங்காகும். அந்த நிலையில் எந்த முடிச்சும் அவிழாது.

ஆகவே கயாக்கில் முடிச்சே வேண்டாம். இருக்கைக்கு அருகே கயிற்றைக் கடித்துப் பிடிக்கும் கிளீட் ஒன்றைப் போல்ட் போட்டுப் பொருத்துங்கள். நங்கூரக் கயிற்றின் கடைசி முனையில் ஒரு மிதவை, வளையத்துக்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியானது. வலை மிதவைகள் இரண்டைக் கோத்தாலே போதும். ஆபத்தென்றால் கயிற்றைக் கிளீட்டிலிருந்து ஒரு சுண்டு மேல்நோக்கிச் சுண்டினால் போதும். கயிறு வளையத்தின் வழியே ஓடிப்போகும், மிதவை அந்த இடத்தில் நிற்கும், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். பெரிய மீன் மாட்டித் துரத்த வேண்டியிருந்தாலும் இதே வழிதான்.

கத்தியை உயிர்காப்பு அங்கியின் மார்பில் மாட்டுங்கள், எந்தக் கையாலும் எடுக்கும்படி. நீங்கள் அங்கி அணிந்திருந்ததாக எழுதவில்லை. தயவுசெய்து அது இல்லாமல் இறங்காதீர்கள்.

மனோரா கரை எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மூவருக்கும் நன்றி. அன்று அங்கி அணிந்திருக்கவில்லை. இப்போது வாங்கிவிட்டேன்.

ஓடு கயிறு கட்டிவிட்டேன். வளையம் அணியத்துக்கும் பின்முனைக்கும் தங்குதடையின்றி ஓடுகிறது. உள்தகடுக்குப் பழைய பிளாஸ்டிக் நறுக்குப் பலகையை அறுத்துப் பயன்படுத்தினேன். பழைய துளைகளை அடைத்து, கயாக்கை ஒரு மணி நேரம் நீரில் விட்டு உள்ளே தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை.

கடலுக்குள் போகுமுன் இடுப்பளவுத் தண்ணீரில் விடுவிப்பதைப் பழகினேன். என் மகள் கரையில் நின்று எண்ணினாள். முதல் முறை பதினோரு எண்ணிக்கை ஆனது. கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்ததால் கிளீட்டின் பல் இன்னும் இறுகியது. மேல்நோக்கிச் சுண்ட வேண்டும் என்பது கைக்குப் புரிய ஆறேழு முறை ஆனது. கடைசியில் மூன்று எண்ணிக்கைக்குள் விட்டுவிட்டேன், கண்ணை மூடிக்கொண்டும் செய்து பார்த்தேன்.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் கடல் அமைதியாக இருந்தது. நான்கு ஞாயிறுகளில் மூன்று ஞாயிறு மூங்கில் கம்புதான் பயன்பட்டது. வாட்டாழை நடுவே தெரிந்த சிறு சேற்றுத் திட்டில் ஊன்றினேன். கயாக் அசையாமல் நின்றதால் கீழே புல் ஒரே பக்கமாகச் சாய்வதும், ஓரா மீன்கள் கூட்டமாக வந்து புல்லின் ஓரத்தைக் கொறிப்பதும் தெரிந்தன. இத்தனை நாள் அந்தப் புல்லின் மேல்தான் வாளியை இழுத்துக்கொண்டிருந்தேன். அது மனத்தை உறுத்துகிறது.

நான்காம் ஞாயிறு மூன்று மீட்டர் ஆழத்தில் மணல் திட்டுப் பார்த்து நங்கூரம் போட்டேன், இருபது மீட்டர் கயிறு விட்டேன். பதினொன்றே காலுக்குக் கொண்டல் எழுந்தது, அன்றைய அதே காற்று. அணியம் தானாகத் திரும்பி அலையைப் பிளந்தது, மடியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரே ஒரு சிக்கல்: கயிறு கால்களுக்கு நடுவே குவிந்து கிடக்கிறது, விடும்போது பாதத்தில் சுற்றிவிடுமோ என்று பயம்.

கப்பியும் கயிறும் எழுதியது:

பயப்படுவது சரிதான் தம்பி, கால் சிக்கினால் மற்ற எல்லா ஏற்பாடும் வீண். கயிற்றைச் சுருளாகச் சுற்றாதீர்கள். இருக்கைக்குப் பின்னால் ஓர் அகலமான வாளியைக் கட்டி, மிதவை முனையை முதலில் போட்டு, மீதியைக் கைபோன போக்கில் மேலே மேலே திணியுங்கள். கடைசியாக உள்ளே போனது முதலில் வெளியே ஓடும், சிக்காது. வாளியின் அடியில் நான்கு துளை போடுங்கள், தண்ணீர் வடியட்டும்.