வழக்கு பாதியில் பிராதை, அதாவது வழக்கு மனுவை, திருத்தப் போனவர்கள், உங்கள் அனுபவம்?

மருதம்:
எதிர்த்தரப்பு தலையிடக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) மட்டும் கேட்டுப் போட்ட வழக்கு. சொத்தின் சுவாதீனம் (கைவசம் வைத்திருப்பது) எங்களிடம்தான் என்று பிராதில் எழுதியாயிற்று. அம்மா கூண்டில் ஏறினார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதிகம் கேட்கவே இல்லை. "பின்கட்டுச் சாவி இப்போ யார்கிட்டம்மா இருக்கு?" அம்மா ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவங்ககிட்டதாங்க, நாலு வருசமா." அதைத் தட்டச்சு செய்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த வாய்தாவில் சுவாதீனத்தையும் சேர்த்துக் கேட்டு பிராதைத் திருத்த உரிமையியல் நடைமுறைச் சட்டம் (CPC) ஆர்டர் 6 ரூல் 17-இல் மனு போட்டோம். தள்ளுபடி. விசாரணை தொடங்கிவிட்டால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே கேட்க முடியவில்லை என்று காட்ட வேண்டும். நாலு வருஷமாகத் தெரிந்ததை எப்படிக் காட்டுவது? "உண்மையைச் சொன்னது தப்பாடா?" என்று அம்மா இன்றும் கேட்கிறார்.

கிழக்கு வாசல்:
விசாரணை தொடங்கினாலே கதவு மூடிவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். சாட்சியமெல்லாம் முடிந்த பிறகும் எங்களுக்கு அனுமதி கிடைத்தது. சொத்து விவரத்தில் உட்பிரிவு எண் தப்பாக விழுந்திருந்தது, கிரயப் பத்திரத்தில் சரியாக இருந்தது. செலவுத்தொகை கட்டச் சொல்லி அனுமதித்தார்கள். திருத்தத்தைச் செய்து முடிக்க உத்தரவில் கெடு இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். கெடு இல்லையென்றால் 14 நாள் என்கிறது அதே ஆர்டரின் ரூல் 18. அப்புறம் கால நீட்டிப்புக்கு இன்னொரு மனு.

தாமரை:
எண் பிழை வேறு, புதுப் பரிகாரம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி நம்பிக்கை கொடுக்காதீர்கள். என் வழக்கில் எதிரி பூட்டை உடைத்துப் புகுந்ததே வழக்கு நடக்கும்போதுதான். அந்தத் தேதியை மனுவில் எழுதியிருந்ததால் அனுமதித்தார்கள்.

மருதம், அம்மா மேல் எந்தத் தவறும் இல்லை. சாவி யாரிடம் என்று பிராது எழுதும்போதே வக்கீல் கேட்டிருக்க வேண்டும். தள்ளுபடி உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் சீராய்வுக்குப் போகலாமா என்று முதலில் வக்கீலிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஆர்டர் 23 ரூல் 1 இருக்கிறது. வழக்கைத் திரும்பப் பெற்று, உரிமை விளம்புகையும் (சொத்து நமக்கு உரியது என்ற அறிவிப்பு) சுவாதீனமும் சேர்த்துப் புதிதாகப் போட அனுமதி கேட்கலாம். கொடுப்பது நீதிபதி கையில். உரிமையை வைத்துச் சுவாதீனம் கேட்க 12 வருஷம் உண்டு, உங்களுக்கு நாலுதான் போயிருக்கிறது. ஆனால் அனுமதி வாங்காமல் திரும்பப் பெற்றால் அதே விஷயத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. "புதிய வழக்கிட அனுமதியுடன்" என்ற வரி உத்தரவில் இருக்கிறதா என்று நகல் வாங்கி நீங்களே படித்துப் பாருங்கள். யாராவது வாயால் சொன்னதை நம்பி வந்துவிடாதீர்கள்.