விருதுநகர் காசோலைப் பிரிவு மதுரைக்குப் போகாமல் இருக்க

ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் தம்பி போனில் சொன்ன செய்தி இது. நம்மில் பாதிப் பேர் கணக்கு வைத்திருக்கும் வங்கி, விருதுநகரில் இருக்கும் காசோலைப் பிரிவை மதுரைக்கு மாற்றப் பார்க்கிறதாம். சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை கிளைகளில் விழும் செக்கெல்லாம் பையில் வந்து ஸ்கேன் ஆவது இந்தப் பிரிவில்தான். உத்தரவு இன்னும் வரவில்லை, பேச்சுத்தான் நடக்கிறது. அது வந்துவிட்டால் வங்கிக்கு நாம் எழுதும் கடிதத்துக்கு வேலை இல்லை.

யூபிஐ காலத்தில் செக்கை யார் தொடுகிறார்கள் என்று துபாய் அண்ணாச்சி கேட்டிருந்தார். அண்ணாச்சி, டீக்கடையில் யாரும் தொடுவதில்லைதான். மிளகாய் வத்தல் மண்டியில் தொடுகிறார்கள். யூபிஐயில் இன்றைக்குக் கணக்கில் இருக்கும் பணத்தை அனுப்பலாம். ஒரு லோடு வத்தலை இன்றைக்கு ஏற்றிவிட்டு, நாற்பது நாள் தள்ளித் தேதி போட்ட செக்கை வாங்கி மேசையில் வைப்பதல்லவா நம்ம ஊர் வியாபாரம்? சிவகாசியில் காலண்டரும் பட்டாசும் அப்படித்தான். அந்தச் செக் பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்குப் போடலாம். ஆனால் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போயாக வேண்டும். வழக்குக்கு அசல் செக்கும், அது ஏன் திரும்பியது என்று வங்கி தரும் மெமோவும் வேண்டும். இன்றைக்கு அதை நடந்து போய் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பிரிவு ஐம்பது கிலோமீட்டர் தாண்டிப் போய்விட்டால் கூரியருக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்த வருடம், கையெழுத்தின் கடைசி வளைவு மட்டும் கோணிக்கொண்டு போகும். ஒருநாள் மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. "அண்ணாச்சி, இந்தக் கையெழுத்து உங்களதுதானா? ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அந்தப் பிரிவில் இருந்த அம்மா ஒரு வெள்ளைத் தாளில் மூன்று தடவை கையெழுத்துப் போடச் சொல்லி, பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, செக்கைப் பாஸ் செய்தார். அப்புறம் புது மாதிரிக் கையெழுத்து அட்டையும் எழுதிக் கொடுத்து அனுப்பினார். மதுரையில் முகம் தெரியாத ஒருவர் பார்த்திருந்தால் "கையெழுத்து வேறுபடுகிறது" என்று திருப்பியிருப்பார். அவர் மேல் தப்பும் இல்லை. ஆனால் மண்டியில் அப்பாவின் பெயர் என்ன ஆகியிருக்கும்?

2025 அக்டோபர் 4-ல் ரிசர்வ் வங்கியின் புது முறை வந்ததிலிருந்து இந்த மாதிரிப் போன் இன்னும் அவசியமாகிவிட்டது. பகலில் ஸ்கேன் ஆகும் செக்கின் படம் உடனுக்குடன் போகிறது. பணம் தரவேண்டிய வங்கி அன்று இரவு 7 மணிக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். முன்பு மாதிரி ஒரு ராத்திரி அவகாசம் இல்லை.

நான் இருக்கும் அமெரிக்காவில் இதை ஏற்கெனவே பார்த்தாயிற்று. 2003-ல் இந்த நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 45 இடங்களில் செக்கை வங்கிவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தது. படத்திலிருந்து அச்சிட்ட நகலை அசல் செக்குக்குச் சமமாக ஏற்கும் சட்டம் வந்தது. 2010-ல் தாள் செக்குக்கு கிளீவ்லாந்து ஒன்றுதான் மிச்சம். அங்கே தாள் வருவதே வெகுவாகக் குறைந்துபோனது, அதனால் மூடினார்கள். நம்ம ஊரில் தாள் இன்னும் பை பையாக வருகிறது. தாள்தான் முக்கியம் என்றால் மண்டிக்குப் பக்கத்தில் இருப்பதே சரி. படம் போதும் என்றால், படத்தைப் பார்க்கிற மேசை மதுரையில்தான் இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? விருதுநகருக்கும் படம் வருமே. வங்கிக்கு எழுதும்போது இந்த ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்.

1977-ல் தொடங்கிய பாண்டியன் கிராம வங்கியின் தலைமை அலுவலகம் நம்ம விருதுநகரில்தான் இருந்தது. 2019 ஏப்ரல் 1-ல் பல்லவன் கிராம வங்கியோடு இணைத்தார்கள், தலைமையகம் சேலம் என்றாகிவிட்டது. அப்போது இந்தக் குழுவில் வருத்தப்பட்டு எழுதினோம், எல்லாம் முடிந்த பிறகு. எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று சிங்கப்பூர் மதினி எழுதியிருந்தார்கள். வேண்டாம் மதினி. வங்கியின் வணிக முடிவுகளை அவர் விசாரிக்க மாட்டார். நம் பலம் நம்முடைய டெபாசிட்தான். என்ஆர்ஐ கணக்கு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக, சொந்த வார்த்தையில், கணக்கு எந்தக் கிளையில் என்று குறிப்பிட்டு மண்டல மேலாளருக்கு எழுதுங்கள். ஒரே நகலில் ஐம்பது கையெழுத்துப் போட்டால் ஒரு கடிதமாகத்தான் எண்ணுவார்கள். வீட்டில் அப்பாவோ சித்தப்பாவோ கடை வைத்திருந்தால் அவர்கள் செக் திரும்பிய அனுபவத்தையும் கேட்டு ஒரு பத்தி சேருங்கள்.

பங்குனிப் பொங்கலுக்கு யார் யார் ஊருக்குப் போகிறீர்கள் என்று இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். நானும் வருகிறேன். பொங்கலுக்கு முந்தின வாரம், வேலை நாளில், வியாபாரிகளையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் சேர்ந்தே மேலாளரைப் பார்க்கலாம்.

அன்புடன்,
வத்தல் கடை வீட்டு மகள்
அட்லாண்டா