ஏஐ ரிசர்ச்சுக்குப் போகணும்னா டிகிரிக்கு எந்த மெயின் எடுக்கறது?

கொழிஞ்சாம்பாறை பொண்ணு:
வணக்கம்ங்க. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப ப்ளஸ் டூ, மேத்ஸ் கம்ப்யூட்டர் க்ரூப்பு. ஏஐ கம்பெனில வேலைங்கறத விட ரிசர்ச் பக்கம் போகணும்னுதான் ஆசை. அப்பா கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்க்கு மேனேஜ்மென்ட் சீட் விசாரிச்சுட்டு வந்துட்டாரு, தோப்பு குத்தகைப் பணத்த அதுக்குன்னே எடுத்து வெச்சிருக்காரு. மேத்ஸ் சார் பிஎஸ்ஸி மேத்ஸ் போங்கறாரு, மாமா கேரளா எஞ்சினியரிங் என்ட்ரன்ஸான கீம் எழுதி கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுங்கறாரு. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா நான் எதைக் கேக்கறதுங்க?

வேலந்தாவளத்தான்:
மாமா சொல்றதே சரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா ரிசர்ச் கிடைக்கலைன்னாலும் சோத்துக்குப் பஞ்சமில்ல.

லேப்புல தூங்கறவன்:
தங்கச்சி, போர்டுல ஏஐன்னு எழுதியிருக்கறத பாத்து மட்டும் பணத்தக் கட்டிராதீங்க. அந்தக் காலேஜ் சிலபஸ் பிடிஎஃப்ப டவுன்லோட் பண்ணி, ஏஐக்கு அடிப்படைக் கணக்கான லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி, ஆப்டிமைசேஷன் மூணும் தனித்தனி பேப்பரா இருக்கா, இல்ல எஞ்சினியரிங் மேத்ஸ்ங்கற ஒரே மூட்டைக்குள்ள அமுக்கி வெச்சிருக்காங்களான்னு பாருங்க. எம்டெக் சேர எழுதற கேட் (GATE) பரீட்சைல 2024ல இருந்து டேட்டா சயின்ஸ் அண்ட் ஏஐன்னு தனி பேப்பரே இருக்கு, அதோட சிலபஸ்ல முதல்ல வர்றதே ப்ராபபிலிட்டி, லீனியர் அல்ஜீப்ரா, கால்குலஸ்தான், மெஷின் லேர்னிங் எல்லாம் அப்புறம்தான். என்னோட ரிசர்ச் இன்டர்வியூல ஏஐ மாடல் எதையும் பத்திக் கேக்கல, சாக்பீஸக் கையில குடுத்து ஒரு மேட்ரிக்ஸ எழுதி ஐகன்வேல்யூ, அதாவது அது சில திசைய எத்தனை மடங்கு நீட்டுதுங்கற எண்ணக் கண்டுபிடின்னாங்க, அது நெகட்டிவா வந்தா என்ன அர்த்தம்னு அடுத்த கேள்வி, பக்கத்துல நின்ன பிடெக் பசங்க முழிச்சாங்க. பிஎஸ்ஸி மேத்ஸ் தப்பில்ல, ஆனா மூணு வருசத்தோட நிறுத்தக் கூடாது, எம்எஸ்ஸியும் முடிக்கணும், கோடிங் நாமளா பழகிக்கணும்.

மலம்புழா காத்து:
ஏஐக்கு அடித்தளம் போட்டதுக்காக 2024ல ஃபிசிக்ஸ் நோபல் வாங்குன ஜெஃப்ரி ஹிண்டன் கேம்பிரிட்ஜ்ல டிகிரி படிச்சது சைக்காலஜிங்க, கூட வாங்குன ஹாப்ஃபீல்ட் ஃபிசிக்ஸ்காரரு. மெயின்ல என்ன இருக்கு?

லேப்புல தூங்கறவன்:
அவங்க காலம் வேற அண்ணா. ஹிண்டன் பிஎச்டி 1978ல முடிச்சாரு, அப்ப இந்தப் பக்கம் ஆளே கம்மி. இப்ப ஒரு லேப்புல சேரவே கணக்கும் கோடும் ரெண்டும் கேப்பாங்க.

கொழிஞ்சாம்பாறை பொண்ணு:
அப்ப மேத்ஸும் கம்ப்யூட்டரும் சேத்து எங்க படிக்கறதுங்க அண்ணா? அப்பாவுக்குப் பணம்தான் கவலை.

லேப்புல தூங்கறவன்:
சிறுசேரில இருக்கற சென்னை மேத்தமெட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்ல பிஎஸ்ஸி மேத்ஸ் அண்ட் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கு, அவங்களே தனி என்ட்ரன்ஸ் வெப்பாங்க, பழைய கேள்வித்தாள் எல்லாம் அவங்க சைட்லயே கிடக்கு. கொல்கத்தா ஐஎஸ்ஐல, அதாவது இந்தியன் ஸ்டாட்டிஸ்டிக்கல் இன்ஸ்டிட்யூட்ல, பி.ஸ்டாட்ங்கற புள்ளியியல் டிகிரி இருக்கு, ட்யூஷன் ஃபீஸே கிடையாது, மாசாமாசம் ஸ்டைபெண்டும் உண்டு. ரெண்டு என்ட்ரன்ஸும் கஷ்டம்தான், பார்முலா மனப்பாடம் பண்ணி ஒப்பேத்த முடியாது, ப்ரூஃப் எழுதணும். ஜேஈஈ அட்வான்ஸ்ட் ரேங்க் வந்துச்சுன்னா நம்ம கஞ்சிக்கோட்டுல இருக்கற பாலக்காடு ஐஐடியவே பாக்கலாம், வீட்டுக்கும் கிட்ட. இது எதுவும் அமையலைன்னா கீம்ல நல்ல காலேஜா கம்ப்யூட்டர் சயின்ஸ், கூடவே ஐஐடி மெட்ராஸோட ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ், அதுக்கு ஜேஈஈ வேண்டாம், குவாலிஃபயர்ங்கற அவங்க டெஸ்ட்ட பாஸ் பண்ணினா போதும். மேனேஜ்மென்ட் சீட்ட கடைசில வெச்சுக்கங்க. அப்பாகிட்ட அட்வான்ஸ் மட்டும் கட்ட வேண்டாம்னு இன்னிக்கே சொல்லிருங்க.

வேலந்தாவளத்தான்:
கொல்கத்தாவா? பொண்ண அவ்வளவு தூரம் அனுப்புவாங்களா?

கொழிஞ்சாம்பாறை பொண்ணு:
அம்மாகிட்ட நான் பேசிக்கறேங்க. சிறுசேரி கேள்வித்தாள் இப்பத்தான் எறக்குனேன், முதல் கணக்கே ஓடல.