ஜாபிரேக்கரின் 'டியர் யூ' மேல் ஏன் அவ்வளவு கோபம்?

கேள்வி:
அமெரிக்க பங்க் ராக் பேண்டான ஜாபிரேக்கரின் 'டியர் யூ' ஆல்பத்தைத்தான் இப்போது விடாமல் கேட்கிறேன். 1995-இல் வந்தபோது பழைய ரசிகர்களே ஒதுக்கிவிட்டார்களாமே? பாட்டில் அப்படி என்ன குறை?

பதில்:
பாட்டில் குறையே இல்லை தம்பி. லேபிள், அதாவது வெளியிட்ட கம்பெனிதான் பிரச்சினை: பெரிய கம்பெனியான கெஃபனின் டிஜிசி. பெரிய கம்பெனிக்குப் போகவே மாட்டோம் என்று சொல்லிவந்தவர்கள் கையெழுத்துப் போட்டால் ரசிகனுக்கு எப்படி இருக்கும்? பங்க் வட்டாரத்தில் அது கொள்கை. கலிஃபோர்னியாவில் பெர்க்லியின் கில்மன் தெரு பங்க் கிளப்பில் அப்போது பெரிய லேபிள் பேண்டுகளுக்கு மேடையே கிடையாது. 1993-இல் பெரிய லேபிளில் இருந்த நிர்வாணா பேண்டோடு வாசித்ததற்கே முணுமுணுத்தார்கள்.

அடுத்தது சவுண்ட். முந்தைய ஆல்பத்தில் பெரும்பகுதி ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி பதிவுசெய்தது, கரடுமுரடாக இருக்கும். இதன் தயாரிப்பாளர் கிரீன் டே பேண்டின் 'டூக்கி' ஆல்பத்தைச் செய்த ராப் கவாலோ. கித்தார் அடுக்கடுக்காக, மெருகாக இருக்கும். பாடகர் பிளேக்கின் குரலும் தணிந்துவிட்டது. பழி கம்பெனி மேல் விழுந்தது. ஆனால் அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருந்ததே! இந்த ஆல்பத்தில் 'அக்சிடென்ட் ப்ரோன்' பாட்டைக் கேளுங்கள். மெதுவாகத் தொடங்கி கித்தார் மேலெழும் இடத்தில் அந்தத் தணிந்த குரல்தான் நெஞ்சைப் பிடிக்கிறது. கத்தியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

இன்னொரு பதில்:
விற்பனையும் கைகொடுக்கவில்லை, 1996-இல் பேண்ட் கலைந்தது. 2004-இல் டிரம்மர் ஆடம் ஃபாலர் தன் பிளாக்பால் லேபிளில் மறுபடி வெளியிட்டார். புதுத் தலைமுறை கொண்டாடியது அதற்குப் பிறகுதான். 2017-இல் சிகாகோவின் ரயட் ஃபெஸ்ட் இசை விழாவில் மறுபடி மேடையேறினார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. அல்பினி பதிவை இன்றிரவே கேட்கிறேன்.