புதுப்பிப்பு: கல்லூரிப் பொது ஆங்கில (பகுதி 2) வகுப்பில் எழுத்துப் பயிற்சி

60 பேர் உள்ள வகுப்பில் பத்தி எழுதவைத்துத் திருத்துவது பற்றி முன்பு எழுதியதற்கு, ஒருவருக்கு 5 நிமிடம் என்றாலே 5 மணி நேரம் போகிறதே என்று கேட்டிருந்தீர்கள். கணக்கு சரிதான். அதனால் எல்லாப் பிழையையும் தொடாதீர்கள். இந்த வாரம் டென்ஸ், அடுத்த வாரம் ஆர்ட்டிகிள், அவ்வளவே. பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். எது பிழை என்று மாணவரே தேடட்டும். வரியையே மாற்றி எழுதிக் கொடுத்தால் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள்.

தலைப்பும் முக்கியம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கப் பிள்ளைகளிடம் 'மை ஹாபி' கேட்டால் கைடுதான் திரும்பி வரும். சம்பா நாற்றங்காலை, விதை ஊறவைப்பதில் தொடங்கி நாற்றுப் பறிப்பு வரை, 120 சொற்களில் கேளுங்கள். செய்முறை எழுத்துக்குச் செயப்பாட்டு வினை பொருந்தும். பாதியில் 'யூ ஷுட்' என்று அறிவுரைக்குத் தாவுவதுதான் வழக்கமான கோளாறு. ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயை அடிக்கோடிடச் செய்தால் தாவல் அவர்கள் கண்ணிலேயே படும். பாடத்தில் வரும் செய்யுளுக்கும் சுருக்கம் எழுதச் சொல்ல வேண்டாம்: ஒரு வரி மேற்கோள், அதைப் பற்றி மூன்று வாக்கியம்.

கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைத் தகுதி கேட்டவர்களுக்கு: முதுகலையில் 55 விழுக்காடு (சலுகை உள்ள பிரிவினருக்கு 50), கூடவே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு). 2023 ஜூலை முதல் இந்தப் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை. நெட்டில் 2 தாள், 150 வினா, 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. எதையும் விடாமல் குறியுங்கள்.