பால் சேராத ரொட்டி எங்கே கிடைக்கும்? (சுங்கை சிப்புட்)

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டு 4 மாதம் ஆகிறது, ஆனால் அதற்குள் நாலு தடவை தெரியாமலே பால் உள்ளே போய்விட்டது, மனதை ரொம்ப உறுத்துகிறது.

மார்ஜரினில் வே பவுடர் (பாலிலிருந்து எடுக்கும் தூள்), உருளைக்கிழங்கு சிப்ஸிலும் அதுவே, கோதுமை ரொட்டியில் பால் பவுடர். போன வாரம் திரீ இன் ஒன் காப்பி. 'கிரிமர் புக்கான் தெனுசு' என்று மலாயில் போட்டிருந்தது, பால் சேராதது என்றுதானே அர்த்தம், நம்பி ஒரு பாக்கெட் முழுக்கக் குடித்து முடித்தேன். காலிப் பையைக் குப்பையில் போடும்போதுதான் மடிப்புக்குக் கீழே பொடி எழுத்தில் 'நத்ரியும் கசேனாட்' கண்ணில் பட்டது. அது பாலிலிருந்து எடுக்கும் புரதம்.

லேபிளில் 'சுசு' (மலாயில் பால்) என்ற சொல்லை மட்டும் தேடினேன், போதவில்லை. சைவம் என்று போட்டதை வாங்கினேன், பால் சேர்த்ததும் சைவம்தானே. ஹலால் முத்திரையும் இதற்கு உதவாது. இப்போது 'மெங்கண்டுங்கி சுசு' (பால் உள்ளது) என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்கிறேன், பொட்டலச் சாமான்களுக்கு அது சரி. டவுன் பேக்கரி பன்னுக்கு லேபிளே கிடையாது. "பால் ஊத்தல தங்கச்சி" என்கிறார் கடைக்காரர், பால் பவுடர் போட்டீர்களா என்றால் தெரியாதாம்.

ஞாயிறு மட்டும்தான் லீவு, வாரா வாரம் ஈப்போ போக முடியாது.

பால் பவுடர், வே, மார்ஜரின் எதுவும் சேராத ரொட்டி சுங்கை சிப்புட் டவுனிலேயே எந்தக் கடையில் கிடைக்கும்?